வாய் வைத்த மைக்

போன வருடம் பெரிய வெள்ளிக்கிழமையன்று இயேசுநாதர் செத்தது குழாயில் சரியாகக் கேட்கவில்லை என்பது முசே அல்போன்சின் குறை. குருசிலிருந்து இயேசுவின் சொரூபத்தை இறக்கும்போது மாதா புலம்பல் பாடுவார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து மைக்செட் ஊளையிட்டது. அல்போன்ஸ் அதை டேப்பில் பிடித்துப் பிரான்சில் இருக்கும் தம்பிக்கு அனுப்பியிருந்தார். நம்ம ஊர்ல பெரிய வெள்ளிக்கிழமைக்கு நாயைப் பாட விட்டுட்டீங்களா என்று தம்பி எழுதிக் கேட்டானாம்.

அல்போன்ஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர்; அதனால் ஊருக்கு அவர் முசே. வில்லியனூருக்குத் தெற்கே எங்கள் ஊரில் அவருக்கு நஞ்சை, மல்லாட்டைக் கொல்லை, மோட்டார் கொட்டகை எல்லாம் உண்டு. கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். இந்த வருடம் புது மைக் தன் பொறுப்பு என்று பூசை முடிந்ததும் எழுந்து நின்று சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மைக் வாங்கிவிடலாம். பாட ஆள் வேண்டுமே. பெரிய தெருவில் வருடா வருடம் புலம்பல் பாடிய அம்மாள் தை மாதம் மகனோடு பிரான்சுக்கே போய்விட்டாள். பழைய ராகத்தில் முழுப் புலம்பலும் தெரிந்தவள் ஊரில் இன்னும் ஒருத்திதான் இருந்தாள். எங்கள் சேரித் தெரு ரோசம்மாள். சின்னப் பெண்ணாக இருந்தபோதிலிருந்து கோயிலின் பக்கவாசலுக்கு வெளியே நின்று கேட்டுக் கேட்டுப் பாடமானது. எழவு வீட்டில் அவள் வாயைத் திறந்தால், அதுவரை அழாமல் உட்கார்ந்திருந்த மருமகளும் அழுதுவிடுவாள். ஆனால் கோயிலுக்குள், மாதா சொரூபத்துக்கு முன்னால் நின்று அந்தப் புலம்பலை ஒரு தடவையாவது பாடிவிட வேண்டும் என்பது அவளுக்குப் பாவாடை கட்டிய வயதிலிருந்து இருந்த ஆசை. எங்கள் தெருப் பெண் எவளும் அந்த இடத்தில் நின்றதில்லை.

புதிதாக வந்திருந்த சாமியார் வயசில் சின்னவர். "ராகம் தெரிஞ்சவங்க பாடட்டும்" என்று சொல்லிவிட்டார். கமிட்டியில் முணுமுணுத்தார்கள். அல்போன்ஸ் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார்.

"சரி விடுங்க. டேப்புல தெரு தெரியாது" என்றார்.

ரோசம்மாளின் புருஷன் சூசைநாதன் அல்போன்சின் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன். பகலெல்லாம் மோட்டார் கொட்டகையில் கிடப்பான். அந்த வேலை இருந்ததால்தான் அவர்கள் வீட்டில் மழைக்காலத்திலும் அடுப்பு எரிந்தது.

மைக் வாங்க வில்லியனூர் கடைத்தெருவுக்குப் போனார்கள். அல்போன்ஸ் மொபெட்டில் போனார். ரோசம்மாளும் சூசைநாதனும் பங்குனி வெயிலில் நடந்து போனார்கள். மைக்செட் கடை கோவிந்தராஜுடையது. கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் சுற்றுவட்டாரத்துக்கு அவர்தான் குழாய் கட்டுவார். மூன்று மைக்கை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது சின்னது முசே. மீட்டிங்குக்கு இதான் போவும். பேச்சுக்கு ஆவும், பாட்டுக்கு ஆவாது. தவளைய டப்பால போட்டாப்ல இருக்கும்."

"அது?"

"இது மேசை மேல வச்சா கொசு பறக்கறதக்கூடப் புடிக்கும். தனி ரூம்ல டேப் எடுக்க நல்லது. கோயில்ல வச்சா, கொழாய்ல போற சத்தத்தையே மறுபடி புடிச்சிகினு ஊளை வுடும். போன வருஷம் கட்டுனது இதான். நான் அப்பவே வேணாம்னேன்."

"மூணாவது?"

"இதான் பாட்டுக்கு." தேன்கூடு மாதிரி உருண்டைத் தலை வைத்த மைக்கைக் கையில் எடுத்தார். "எதிர்ல இருக்கற வாயை மட்டும் புடிக்கும். கூட்டத்துல கொழந்தை அழுதாக்கூட ஏறாது. ஆம்ப்ளிபயர்லேந்து ஒரு ஒயரு இழுத்து டேப்புல சொருவிட்டா அதுலயும் சுத்தமா எறங்கும். ஒண்ணுதான், வாயைக் கிட்ட வைக்கணும். நாலு வெரல் தள்ளிப்போனா சத்தம் பூடும்."

அல்போன்ஸ் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எட்ட நின்னு பாடறாப்ல ஒண்ணு இல்லியா?"

"எட்ட நின்னா ஊளைதான்."

"ரெண்டு முழம் தள்ளி நின்னா?"

"ரெண்டு முழம் தள்ளி நின்னா பாட்டு எதுக்கு முசே, தெருவுல நின்னே பாடலாமே."

அல்போன்ஸ் மூன்று மைக்கிலும் தானே "ஹலோ, அன், தே, த்ருவா" என்று எண்ணிப் பார்த்தார். மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. "எல்லாம் ஒரே மாதிரிதானே கேக்குது" என்று அந்தச் சின்ன மைக்கின் பக்கமே கையைக் கொண்டுபோனார்.

"ஹலோன்னு சொன்னா எல்லா மைக்கும் நல்லாத்தான் இருக்கும். பாடறவங்க பாடிப் பாக்கணும். உள்ள வாம்மா" என்று கோவிந்தராஜ் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். ரோசம்மாள் படிக்கட்டுக்குக் கீழே நின்றிருந்தாள்.

முதல் மைக்கில் அவள் குரல் தகரமாகக் கிழிந்தது. இரண்டாவதில் அவள் மூச்சை இழுத்ததுமே குழாய் வீறிட்டது. மூன்றாவது மைக்கைக் கையில் கொடுத்ததும் கூச்சப்பட்டுக்கொண்டு முகத்தைப் பின்னுக்கு இழுத்தாள்.

"கிட்ட வைம்மா. இன்னும் கிட்ட. முத்தம் குடுக்கறாப்ல."

"வூட்டுக்காரருக்கே பட்டப்பகல்ல குடுத்ததில்ல. இதுக்குக் குடுக்கணுமா" என்றாள் ரோசம்மாள். வாசலில் நின்ற சூசைநாதன் தலையைக் குனிந்துகொண்டான். கோவிந்தராஜ் விழுந்து விழுந்து சிரித்தார்.

பாடினாள்.

*ஆணி அடிச்ச கையி ஆருக்கு இன்னா செஞ்ச கையி, என் மகனே...*

அந்தக் குரல் கடையைத் தாண்டிக் கடைத்தெருவுக்குள் போனது. எதிரில் கீரை விற்றுக்கொண்டிருந்த பெண் கூடையை விட்டுவிட்டு எழுந்து வந்து "ஆரு பூட்டாங்க?" என்று கேட்டாள். ஒருவரும் சாகவில்லை, மைக் வாங்குகிறார்கள் என்று சொன்னதற்கு, "அதுக்கு இப்பிடியா வயித்தக் கலக்கறது" என்று திட்டிவிட்டுப் போனாள்.

வேறு பேச்சுக்கு இடமில்லை. அல்போன்ஸ் அந்த உருண்டைத் தலை மைக்கையே வாங்கினார். ரோசம்மாள் வெளியே வந்த பிறகு, குரலைத் தாழ்த்திக் கோவிந்தராஜிடம் கேட்டார்.

"தலைமேல துணி கட்டுனா கேக்குமா?"

"காத்தடிக்கற எடத்துல கட்டுவோம். கொஞ்சம் அமுங்கும். கோயிலுக்குள்ள ஏது காத்து?"

"காத்துக்குத்தான்" என்றார் அல்போன்ஸ்.

பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டிருந்த சூசைநாதனின் காதில் அது விழுந்தது. கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான்.

அப்போது மல்லாட்டைப் பிடுங்கும் காலம். பிடுங்கிப் போட்ட கடலைச் செடியைக் குவித்துவைத்து, ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்வார்கள். விரல் நுனியெல்லாம் மண்ணேறி வெடித்துவிடும். பேச்சு இல்லாவிட்டால் அந்த வேலை ஓடாது. ரோசம்மாளுக்கு அந்த நாட்களில் ஒரே பேச்சுதான். சாயங்காலம் கோயிலில் ஒத்திகைக்குப் போகிறாளே, அந்தப் பேச்சு.

"கிரேஸ் மேரியம்மா இல்ல, முசே வூட்டு மருமவ, அவங்க கையாலயே மைக்குக்குத் துணி கட்டறாங்க யக்கா. வெள்ளைத் துணி, ஓரத்துல லேசு வச்சது. பெரிய தெருப் பொண்ணுங்க பாடறப்ப வெறும் மைக்கு. எனக்கு மட்டும்தான் துணி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலியம்மாள் கையில் இருந்த செடியை இரண்டு தடவை உதறினாள்.

"உனக்கு மட்டும்னா?"

"பாடறது நான்தானே. வாசனை வேற. உள்ள மல்லிப்பூ வச்சாப்ல கமகமன்னு வருது. துணி இருக்கறதால சத்தம் அமுங்குது, அதனால நானும் கூட ரெண்டு பங்கு கத்தறேன். தொண்டதான் கட்டிக்குது."

"மொளகு வச்சிக் கசாயம் குடி" என்றாள் கலியம்மாள். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். இந்தக் கோயில் படியை மிதித்தவள் இல்லை. குவியலின் அந்தப் பக்கம் இருந்தவர்கள் குனிந்த தலை நிமிராமல் காய் ஆய்ந்தார்கள். வேறு நாளாக இருந்தால் யாராவது ஒரு கிண்டல் செய்திருப்பார்கள்.

பெரிய வாரத்தில் புதன்கிழமை. ரோசம்மாள் தன் பங்கைப் பாடிவிட்டு வெளியே வந்தாள். வேப்பமரம் வரை வந்தவளுக்கு ஒரு சந்தேகம். சொரூபத்தைத் துணியில் கிடத்திய பிறகு பாடவேண்டிய அடியை எப்போது எடுப்பது என்று கேட்கவில்லை. திரும்பிப் பக்கவாசல் வழியாகப் போனாள்.

உள்ளே கிரேஸ் மேரி மைக்கின் முடிச்சை நகத்தால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். துணியை இரண்டு விரலில் தூக்கி ஒரு பழைய வாளியில் போட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு சென்ட் பாட்டிலை எடுத்துப் பஞ்சில் ஊற்றி, மைக்கின் தலையைத் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். ரோசம்மாள் கை பிடித்திருந்த கம்பியையும் மேலிருந்து கீழாகத் துடைத்தாள். கோயில் முழுக்க அந்த வாசனை.

"நல்லாத் தொடச்சியாக்கா?" என்று பாட வந்த பெண் ஒருத்தி கேட்டாள்.

"பிரான்சு ஓதெகொலோன்டி. பாவமே பூடும், எச்சி போவாதா."

சிரித்தார்கள். பிறகு வரிசையாக நின்று பாட ஆரம்பித்தார்கள்.

ரோசம்மாள் வீட்டுக்கு வந்தபோது சூசைநாதன் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தான். வெங்காயத்தைக் கடிக்கப் போனவனை நிறுத்திக் கேட்டாள்.

"யோவ், அந்தத் துணி எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

அவன் கை அப்படியே நின்றது. அதுவே அவளுக்குப் போதும். இருந்தாலும் அவன் வாயால் வரட்டும் என்று நின்றாள்.

"தெரியும்."

"எப்பத்திலேந்து?"

"மைக் வாங்குன அன்னிக்கே."

"அன்னிக்கே. நான் லேசு வச்ச துணி, லேசு வச்ச துணின்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன். நீ கேட்டுகினுதான இருந்த."

"சந்தோசமா இருந்த. கெடுக்க வேணாம்னு பாத்தேன்."

"கலியம்மா யக்காவுக்கும் தெரியுமா?"

சூசைநாதன் கூழைப் பார்த்தான்.

"சாமி கும்புடற எடம் வேற, அவளுக்கே தெரிஞ்சிருக்குது. ஞானஸ்நானம் வாங்குன எனக்குத் தெரியல. மாங்கா மடச்சியாட்டம் வாசனையா இருக்குதுன்னு வேற சொன்னேன். தூ."

"இப்ப இன்னா பண்ணச் சொல்ற? மல்லுக்கு நிக்கச் சொல்றியா? நின்னா, விடிஞ்சா மோட்டார் கொட்டாய்ல வேற ஆள் இருப்பான். இந்த வூட்டுல இன்னாத்தத் தின்ப?"

"நான் மோட்டாரப் பத்திப் பேசல. என் வாயப் பத்திப் பேசறேன்."

"துணியிலயே பாடிட்டு வா. பாட்டு பாட்டுதான. மாதா கேக்கப் போறா."

"மாதாவா துணி கேட்டா? நாத்து நட்டது இந்தக் கையி. களை எடுத்தது இந்தக் கையி. கருது அறுத்தது இந்தக் கையி. அந்தச் சோத்த ஓதெகொலோன் போட்டுத் தொடச்சிட்டா திங்கறாங்க?"

"நெல்ல அவிச்சிடறாங்க இல்ல" என்றான் சூசைநாதன். சிரிப்பு வரும் என்று நினைத்துச் சொன்னானோ என்னவோ.

"அப்ப மைக்கையும் அவிக்கச் சொல்லு."

கூழ்ச் சட்டியை எடுத்து வாசலில் கவிழ்த்தாள். கோழிகள் ஓடிவந்தன. சூசைநாதன் கையில் வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தான். நோன்பு நாளில் இப்படிச் சோற்றைக் கொட்டலாமா என்று கேட்க வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவள் சாமியாரிடம் போனாள். அவர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டார்.

"எனக்குத் தெரியும் ரோசம்மா. நான் சொல்லிப் பாத்தேன். ஒரேயடியா எதையும் மாத்த முடியாதும்மா. நீ கோயிலுக்குள்ள நின்னு பாடறதே பெரிய காரியம். இந்த ஒரு வருஷம் பொறுத்துக்க."

"சாமி, ஒண்ணு கேக்கட்டுமா. ஞாயித்துக்கெழம நற்கருணைய என் நாக்குல வைக்கிறீங்க. உங்க வெரலு என் எச்சில படுது. அப்புறம் வெரலத் தொடச்சிகினுதான் அடுத்த ஆளுக்குப் போறீங்களா?"

சாமியார் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைக்கப் போனவர், துடைக்காமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எங்க தெருவுக்குக் கடைசில குடுக்கறது அதுக்குத்தானா?"

"பாட இஷ்டமில்லன்னா சொல்லிடும்மா. நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன்."

"பாடறேன்" என்றாள். தோத்திரம் சொல்லாமல் படி இறங்கினாள்.

பெரிய வெள்ளிக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் கோயில் முற்றத்து மணல் காலைச் சுட்டது. மணி அடிக்கக் கூடாத நாள் என்பதால் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருவில் போனார்கள். பெரிய தெருக்காரர்கள் உள்ளே நிறைந்துவிட்டார்கள். எங்கள் தெரு, வழக்கம்போல, பக்கவாசலுக்கு வெளியே வெயிலில் நின்றது. பூவரச மரத்தடியில் கோவிந்தராஜ் மேசை போட்டு ஆம்ப்ளிபயரை வைத்திருந்தார். ஒயரை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அல்போன்ஸ் சூசைநாதனை அங்கே நிறுத்தியிருந்தார். பீடத்துக்குப் பக்கத்தில் முக்காலியின்மேல் டேப் ஓடிக்கொண்டிருந்தது.

சொரூபத்தை இறக்கினார்கள். கிரேஸ் மேரி எழுந்து மைக்கில் துணியைக் கட்டிவிட்டுத் தள்ளி நின்றாள். ரோசம்மாள் வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். மாதா சொரூபத்துக்கு முன்னால் முட்டி போட்டு எழுந்தாள். மைக்குக்கு வந்தாள். முடிச்சை அவிழ்த்தாள். துணியை மடித்துக் கிரேஸ் மேரியிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை. துணி தரையில் விழுந்தது. ரோசம்மாள் மைக்கைக் கம்பியிலிருந்து கழற்றி எடுத்து, கோவிந்தராஜ் சொல்லிக்கொடுத்தபடி, உதட்டில் படும்படி வைத்துக்கொண்டு பாடினாள்.

அத்தனை நாளும் துணிக்குள் அமுங்கிக் கிடந்த குரல் அன்றைக்குத்தான் முழுசாக வெளியே வந்தது. கோபுரத்தில் கட்டியிருந்த குழாய் அதைக் கரும்புக் கொல்லைக்கு அப்பால் கொண்டுபோனது. உள்ளே முன்வரிசையில் கிழவர் ஒருவர் தன்னை மறந்து மாரில் அடித்துக்கொண்டார்.

புலம்பலில் நான்கு அடி ஒருத்தி பாடினால், அடுத்த இரண்டு அடியை மற்றப் பெண்கள், துணியை எடுத்துவிட்டு, அதே மைக்கில் கூட்டமாகத் திருப்பிப் பாட வேண்டும். அந்த இடம் வந்தது. ரோசம்மாள் மைக்கைக் கிரேஸ் மேரியின் பக்கம் நீட்டினாள்.

கிரேஸ் மேரி கை கொஞ்சம் முன்னால் வந்த மாதிரிதான் இருந்தது. அதற்குள் அல்போன்ஸ் எழுந்து, நீட்டிய மைக்குக்கு எதிரில் நாலு விரல் தூரத்தில் வந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"வாங்காதடி. அவ எச்சி."

குழாய் அதையும் எடுத்துக்கொண்டு போனது. கோயிலுக்குள்ளே, வெளியே, தெருவில், கொல்லையில் எல்லாருக்கும் கேட்டது. டேப்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்தப் பெண்கள் வெறும் வாயால் பாடிப் பார்த்தார்கள். ஈ மொய்க்கிற மாதிரி இருந்தது. வெளியே எங்கள் தெருவிலிருந்து ஒருத்தன் "கேக்கல" என்றான். இன்னும் நாலு பேர் "கேக்கல, கேக்கல" என்றார்கள்.

"மைக்க வாங்குங்கடா எவனாவது" என்றார் அல்போன்ஸ்.

கமிட்டிக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வாங்க வேண்டுமானால் அவள் வாய் பட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் கை பட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அல்போன்சும் கை நீட்டவில்லை. சாமியார் பீடத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ரோசம்மாள் நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். அந்த இடத்தில்தான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். தன் கையிலிருந்து அதைப் பிடுங்க அந்தக் கோயிலில் ஆள் கிடையாது. மைக்கைத் திரும்ப வாயிடம் கொண்டுவந்தாள். கூட்டம் பாடவேண்டிய அடியையும் அவளே பாடினாள். அதற்கு அடுத்ததைப் பாடினாள். எழவு வீட்டில் கட்டுகிற மாதிரி, இயேசுவைச் சாகக் கொடுத்துவிட்டுக் கை கழுவிய பிலாத்துவை இழுத்து, அங்கேயே சொந்தமாக அடி கட்டினாள்.

*குட்டநோவுக்காரனத் தொட்டியே, நீ கையி கழுவலியே, என் மகனே,*
*கையி கழுவுனவன் பிலாத்து ஒருத்தன்தானே, என் மகனே...*

அல்போன்ஸ் பக்கவாசல் வழியாக முற்றத்துக்கு வந்தார். முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது.

"ராசு, அணை அதை."

கோவிந்தராஜின் கை சுவிட்சுக்குப் போனது. அதற்கு முன்னால் சூசைநாதனின் கை அங்கே இருந்தது. உள்ளங்கையால் சுவிட்சை மூடிக்கொண்டிருந்தான்.

"முசே, எம் பொண்டாட்டி பாடிகினு இருக்கா."

"கைய எடுடா நாயே."

"எடுக்கல."

"நாளையிலேந்து மோட்டார் கொட்டாப் பக்கம் உன் நெழலு வுழக் கூடாது."

"வுழாது."

கை அப்படியே இருந்தது. அல்போன்ஸ் கோவிந்தராஜைப் பார்த்தார்.

"அவரு கைய மேல வச்சிகினு இருந்தா நான் எப்பிடி முசே அணைக்கறது" என்றார் கோவிந்தராஜ். "நீங்க வேணும்னா அவர் கையப் புடிச்சி எடுங்க."

அல்போன்ஸ் கைத்தடியை ஓங்கினார். வெயிலில் நின்ற எங்கள் தெரு ஆண்கள் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். தடி கீழே இறங்கியது.

உள்ளே ரோசம்மாள் கடைசி அடி வரைக்கும் வந்துவிட்டாள். சொரூபத்தைக் கிடத்துகிற இடம், கல்லறையில் வைக்கிற இடம், எல்லாம் முடிந்தது. மைக்கை நீட்டினாள். யாரும் வாங்க வரவில்லை. எச்சிலை விழுங்கித் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதல் அடியிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.